இடது காலுறையும் பதினாறரை ஜோடி நாய்களும்

காலுறையை டப்பாவுக்குள் முக்கும்போது கிளெனிஸ் புரோபர்ட் முகத்தைத் தேவாலயப் பக்கம் திருப்பிக்கொள்வார். பக்தியால் அல்ல, நாற்றத்தால். பன்னிரண்டு வரை எண்ணுவார். பிறகு பிழியாமல் தூக்கி ஏழடிக் கயிற்றின் முனையில் இறுக்கிக் கட்டி, மறுமுனையை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்வார். டப்பாவில் இருப்பது சோம்பு எண்ணெய், மண்ணெண்ணெய், அப்புறம் யாருக்கும் சொல்லாத மூன்றாவது சரக்கு ஒன்று. அது பன்றிக் கொழுப்பு என்று பிரில்ஹோப் ஊர் முழுக்கத் தெரியும். அவர் மட்டும் இன்னும் அதை ரகசியம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

காலுறை எப்போதும் கணவர் டெரெக்கினுடையது. எப்போதும் இடது காலுடையது. டெரெக் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். எந்தக் காலுறை எந்தக் காலுக்கு என்று நூலால் குறி வைத்துக்கொள்ளும் ஆசாமி அவர். வலது காலில் போடுபவையெல்லாம் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்துக் கட்டைவிரல் பக்கம் ஓட்டையாகிவிடுகின்றன. துணையிழந்த இடது காலுறைகள் அலமாரியில் குவிகின்றன. "என் பொண்டாட்டிக்கு என்னைவிட என் இடது கால் மேலதான் பாசம்" என்பது டெரெக் வருஷக்கணக்கில் சொல்லிவரும் ஒரே நகைச்சுவை. கிளெனிஸ் ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுகிறார்.

சனிக்கிழமைகளில் கிளெனிஸ் கிளம்பி அரை மணி நேரம் கழித்து அதே தேவாலய வாசலிலிருந்து, காலுறை விட்டுப்போன வாசனையைப் பிடித்துக்கொண்டு, வேட்டை நாய்கள் கிளம்பும். அவற்றின் பின்னால் இருபது, இருபத்தைந்து குதிரைகள். அதற்குள் காலுறையைத் தரையில் இழுத்தபடி மூன்று மைல் ஓடி முடித்திருக்க வேண்டும். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. மற்ற நாட்களில் இந்தப் பள்ளத்தாக்கின் தபால்காரர் அவர்தான். அறுபத்து நாலு வீடுகள், ஒரு சிவப்பு வண்டி, வண்டி போகாத இடத்துக்குக் கால். "வாரத்துல ஆறு நாளும் என்னை நாய்தான் துரத்துது. அஞ்சு நாளுக்குச் சம்பளம் தர்றாங்க. சனிக்கிழமை ஓட்டம் மட்டும் சும்மா, ஆசைக்கு" என்பார்.

சனிக்கிழமைகளில் அவர் யாருக்கும் கை கொடுப்பதில்லை. முழங்கையைத்தான் நீட்டுவார். எத்தனை சோப்புப் போட்டாலும் செவ்வாய்க்கிழமை வரை அந்த வாசனை விரலை விட்டுப் போகாது. மின்சார பில்லில் சோம்பு மணக்கிறது என்று திங்கட்கிழமைகளில் ஊரார் கிண்டல் செய்வார்கள். மதுக்கடையில் அவருக்கென்று கதவோரமாக ஒரு நாற்காலி உண்டு. அவர் உட்கார்ந்திருக்கும் வரை, மழை சாய்ந்து அடித்தாலும், கதவு திறந்தே இருக்கும். யாரும் முகம் சுளிப்பதில்லை. கோட்டை மட்டும் கழுத்துவரை இழுத்துப் பொத்தான் போட்டுக்கொள்வார்கள்.

இதெல்லாம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டதன் பலன். நாய்களை விட்டு நரியைக் கொல்லக் கூடாதென்று சட்டம் வந்து இருபது வருஷமாகிறது. வந்த புதிதில் பிரில்ஹோப் வேட்டைக் குழு, நாய்கள் தாமாகவே நரி பின்னால் போய்விட்டன, நாங்கள் என்ன செய்ய என்று சொல்லிக் காலம் ஓட்டியது. பிறகு அது அவர்களுக்கே வெட்கமாகிப் போனது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சோம்புத் தடத்துக்கு மாறுவதா, குழுவைக் கலைத்துவிடுவதா? கலைப்பதென்றால் நாய்களைச் சுட்டுவிடுவது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேட்டை நாயை வீட்டில் வைத்து வளர்க்க முடியாது. கன்றுக்குட்டி உயரம் இருக்கும், சோபாவைத் தின்னும், தனியாக விட்டால் ஊளையிட்டே செத்துப்போகும். முப்பது வருஷமாக அவற்றைக் குளிப்பாட்டி, தீனி போட்டு, சனிக்கிழமைகளில் முன்னால் நின்று நடத்திவரும் மோஸ்டின், சுவரோரம் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார். தடம் இழுக்க ஆள் யார் என்று கேட்டபோது மண்டபமே தரையைப் பார்த்தது. தேநீர் ஊற்றுவதற்காக வந்திருந்த கிளெனிஸ், கெட்டிலும் கையுமாக, "ஓடத்தானே ஆள் வேணும்? நான் தினமும் ஓடுறவதானே" என்றார்.

நாய்க் கொட்டில் அவர் வீட்டுக்குப் பின்னால்தான். காலை ஐந்தரைக்கு ஒன்று தொடங்கினால் எல்லாம் சேர்ந்து பாடும். "படுக்கையில கெடந்தபடியே எண்ணுவேன். பதினாறரை ஜோடி. எல்லாக் குரலும் இருக்கும். அது போதும்யா எனக்கு" என்பார். வேட்டை நாய்களை ஜோடியாகத்தான் எண்ண வேண்டும். முப்பத்து மூன்று என்று சொல்பவன் வெளியூர்க்காரன். அந்த அரை ஜோடி கார்னெட் என்னும் கிழட்டுப் பெண் நாய். தலைமை மூக்கு அதனுடையதுதான். அது வாய் திறந்தால் மற்றவை நம்பும்.

கிளெனிஸுக்கு இன்னொரு பழக்கம். யார் நிலத்து வழியாகப் போனாலும், கடந்த பிறகு வாயிற்படலைச் சாத்தித் தாழ் போட்டு, மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல இரண்டு முறை தட்டுவார். "தேங்க்ஸ்" என்பார், படலிடம். மோஸ்டின் ஒருமுறை கேலி செய்தபோது சொன்னார்: "இவங்க நிலத்துல விடறாங்க, அதனால நான் வேட்டைக்காரி. விடலைன்னு வச்சுக்கோ, நான் யாரு? புருஷன் சாக்ஸைக் கட்டி இழுத்துக்கிட்டு மழையில ஓடுற பைத்தியம்."

தொடக்கத்தில் அவர் இழுத்த தடம் யாருக்கும் பிடிக்கவில்லை. தபால்காரர் புத்தி, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நேர்க்கோடு. நாய்கள் தலை நிமிராமல் ஓடின, குதிரைகள் வாயில் நுரை தள்ள ஓடின, இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. எழுபத்து நாலு வயதிலும் குதிரையேறும் ஏவ்ரில் அம்மாள் சேணத்திலிருந்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "அம்மாடி, இது வேட்டையில்ல. ரயிலைப் பிடிக்க ஓடறது. நரின்னா யோசிக்கும். நம்மையும் யோசிக்க வைக்கும். சாக்ஸுக்கு ஏது மூளை?"

கிளெனிஸுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து நரியைப் படிக்கத் தொடங்கினார். விடியற்காலையில் தபால் வண்டி ஓட்டுகிறவர் கண்ணில் படாத நரி எது? கல்சுவர் மேலேறி முப்பது கஜம் நடந்து குதிப்பது, ஓடையில் இறங்கி வாசனையைக் கழுவிக்கொள்வது, ஆட்டு மந்தைக்குள் புகுந்து தன் மணத்தைக் கலைப்பது என்று எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் அதையே செய்தார். சுவர் மேல் காலுறையைத் தூக்கிக்கொண்டு நடந்தார், ஓடையில் முழங்கால் நனைய இறங்கினார். தடம் அறுந்த இடத்தில் நாய்கள் திகைத்து விசிறி போலப் பரவி, மூக்கால் தேடி, மறுபடி பிடித்துக் குரலெடுக்கும்போது மோஸ்டினுக்குக் கண் கலங்கிவிடும். ஏவ்ரில் அம்மாளே "பரவாயில்லையே" என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை. "இந்த மலையில என்னைவிட நல்ல நரி கிடையாது" என்று கதவோர நாற்காலியில் உட்கார்ந்து கிளெனிஸ் பீற்றிக்கொண்ட காலம் அது.

பீற்றலுக்குக் கிடைத்த அடி மூன்றாவது குளிர்காலத்தில் விழுந்தது. பள்ளத்தாக்கின் நடுவில் இருப்பது எம்ரிஸ் ஹேமரின் பண்ணை. அவர் கோழிக்கூண்டுக்குப் பின்னால் முள்வேலியில் ஒரு சந்து. அதில் நுழைந்து கல்குவாரி நோக்கி ஒரு நரி தினமும் போவதை கிளெனிஸ் வண்டியிலிருந்து பார்த்திருந்தார். இதைவிட அழகான தடம் கிடைக்குமா? அடி பிசகாமல் அந்த வழியிலேயே காலுறையை இழுத்தார். அதுதான் தப்பு. நரி போகும் வழியில் நரி போகும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அன்று காலை அது அதே சந்தில் நுழைந்து போயிருந்தது. கல்குவாரி முனையில் சோம்பு வலப்பக்கம் திரும்பியது, நரி இடப்பக்கம் போயிருந்தது. அப்பனும் பாட்டனும் நரி துரத்திய நாய்கள் அவை. கார்னெட் இடப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தது. பதினாறரை ஜோடியும் எம்ரிஸின் சினை ஆடுகளின் நடுவே பாய்ந்தன. நரி பொந்துக்குள் புகுந்து தப்பிவிட்டது. கம்பி வேலியில் போய் நெருக்கிக்கொண்ட ஆடுகளில் பதினொன்று அந்த வாரம் கருக்கலைந்து குட்டிகளைப் பறிகொடுத்தன.

கிளெனிஸ் தானே போய் நின்றார். எம்ரிஸ் சத்தம் போடவில்லை.

"நரிக்குத் தெரியாது, கிளெனிஸ். அது நரி. உனக்குத் தெரியும். என் ஆடுங்க எந்த மாசம் சினைன்னு தெரியும், எந்த வயல்ல நிக்குதுன்னு தெரியும். தினமும் பாக்கறவதானே நீ?"

"தப்புதான், எம்ரிஸ்."

"இனிமே யாரும் என் படலைத் தாண்டக் கூடாது. நீ கடுதாசி கொண்டாந்தா வெளியில நின்னு குடு."

எம்ரிஸ் நிலம் இல்லாமல் மலைப் பக்கத்திலிருந்து ஆற்றுப் பக்கம் கடக்க வழியில்லை. அவர் சாத்தியதைப் பார்த்து அடுத்த பண்ணைக்காரர்களும் யோசிக்கத் தொடங்கினார்கள். பாதி நிலத்தில் ஒரு குழு எத்தனை நாள் தாங்கும்? மண்டபத்தில் சொல்லாமல் விட்ட பேச்சு மறுபடியும் எழுந்தது. கிளெனிஸுக்கோ அந்த வாயிற்படல் தினசரி தண்டனை. இரண்டு வருஷம், வாரத்தில் ஐந்து நாள், படலுக்கு வெளியே நின்று கடிதத்தை நீட்டுவார். முன்பு முட்டையும் ஊர்ச் செய்தியும் தந்த கை, கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும்.

அந்தப் படலுக்கு வெளியே நின்றிருந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான் அவருக்குப் புத்தி வந்தது. "நரி தபால் குடுக்காதுல்ல?" என்று அன்று மாலை டெரெக்கிடம் கேட்டார். என்ன கேள்வி இது என்று புரியாமல் டெரெக் தன் காலைப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து கிளெனிஸ் நரி வேஷத்தைக் கலைத்துவிட்டார். தான் தினமும் நடக்கும் தபால் வழியிலேயே காலுறையை இழுத்தார். வீட்டு வாசல், முற்றம், தேவாலய மதில், பழைய தொலைபேசிக் கூண்டு, அடுத்த வாசல். பட்டப்பகலில் எந்த நரியும் கால் வைக்காத இடங்கள். ஒவ்வொரு வீட்டிலும் முந்தின நாளே கடிதத்தோடு சேர்த்துக் கேட்டுவிடுவார்: "நாளைக்கு உங்க வாசல்ல நாறடிக்கலாமா?" குதிரையில் வேகம் வேண்டியவர்களுக்குச் சந்துக்குச் சந்து தாண்டச் சுவர்கள் இருந்தன. ஒவ்வொரு வாசலிலும் காலுறையைத் தூக்கிவிட்டு, பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி அருகே மறுபடி இறக்குவார். நாய்கள் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தன. கோடை முழுக்க மோஸ்டின் அவற்றை நடத்திப் பழக்கினார். சோம்புக்குக் குரலெடுத்தால் தீனி, மற்றெதற்குக் குரலெடுத்தாலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த நாய்களுக்குச் சவுக்கைவிட அது வலித்தது.

"வேட்டையா இது, ஊர்வலமா?" என்றார் ஏவ்ரில் அம்மாள். "நரிக்குப் பதிலாச் சாக்ஸுன்னே. இப்ப காட்டுக்குப் பதிலாக் குப்பைத்தொட்டியா?"

"பதில்னு நான் எப்பம்மா சொன்னேன்? உங்க நரி அளவுக்கு வராது, ஒத்துக்கறேன். ஆனா நரி அதுபாட்டுக்கு இருக்கு. நாய்ங்களும் இருக்கு. நீங்களும் குதிரை மேலதான் இருக்கீங்க."

ஏவ்ரில் அம்மாள் அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார்.

யாரும் எதிர்பாராதது வாசல்களில் நடந்தது. இதுவரை வேட்டையை மலைமேல் ஒரு சத்தமாக மட்டும் கேட்டவர்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். இடுப்பு ஒத்துழைக்காமல் வீட்டோடு கிடந்தவர்களின் ஜன்னலுக்கடியில் பதினாறரை ஜோடி நாய்கள் நின்று யோசித்துவிட்டுப் போயின. திங்கட்கிழமை தபால் கொடுக்கப் போனால் கேக் துண்டு கிடைத்தது. வேட்டையே பாவம் என்று முன்பு குழுவை எதிர்த்துப் பலகை பிடித்த ஆசிரியை ஒருத்தி, தன் வேலியில் நாலடி இடம் வெட்டிக் குதிரை தாண்ட வழி செய்து கொடுத்தாள். இதைச் சொல்லிவிட்டு கிளெனிஸ், "எனக்கு எதுக்குய்யா இவ்வளவு செய்யறாங்க? நான் என்ன செஞ்சேன், வாசலை நாறடிச்சேன்" என்பார்.

எம்ரிஸ் வாசல் மட்டும் சாத்தியே இருந்தது. போன ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, கடிதத்தை வாங்கிய கை திரும்பிப் போகவில்லை.

"நெஸ்டாவுக்கு இடுப்புல ஆபரேஷன். மாடியில படுத்திருக்கா" என்றார் எம்ரிஸ். நெஸ்டா அவருடைய அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் அவரோடேயே இருப்பவர்.

"தெரியும். கார்டு எல்லாம் நான்தானே கொண்டாந்தேன்."

"ஊர் வாசல் எல்லாம் போகுதாமே நாய்ங்க, எனக்குச் சத்தம் மட்டுந்தானான்னு கேக்கறா." படலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சனிக்கிழமை வா. அவளுக்காகத்தான், எனக்காக இல்ல. என் ஆட்டுல ஒண்ணு மிரண்டாலும் அன்னியோட முடிஞ்சுது. மத்தவங்களும் உனக்குச் சாத்திருவாங்க, தெரியும்ல?"

அது கிளெனிஸுக்கு நன்றாகவே தெரியும். சாத்தினால் காலை ஐந்தரைக்கு எழும் குரல்கள் என்னாகும் என்பதும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை, கிளெனிஸ் கேட்காமலே டெரெக் புதுக் காலுறை ஒன்றை எடுத்துக் கொடுத்தார், இடதுதான். கிளெனிஸ் அன்றைய தடத்தை எம்ரிஸ் பண்ணையில் முடித்தார். சாலை வழியாக வந்து படலுக்குள் நுழைந்தார். முற்றத்தைக் கடந்து நெஸ்டாவின் ஜன்னலுக்குக் கீழே ஒருமுறை தூக்கி இறக்கி, சுவரில் பதித்த தபால் பெட்டியருகே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. முற்றத்துக்கு அப்பால் தாழ்ந்த வயலில் சினை ஆடுகள் புல் கடித்துக்கொண்டிருந்தன. வயலின் வாயிலை மறித்து எம்ரிஸ் கோலூன்றி நின்றார். தூரத்தில் நாய்க்குரல் எழுந்தது.

அப்போது சுவர் தாண்டி நரி வந்தது. ஜனவரி நரிகளுக்குத் துணை தேடும் மாதம், பகல் இரவு பாராமல் திரியும். பட்டப்பகலில் முற்றத்தில் இறங்கி, கிளெனிஸ் இழுத்த தடத்தை நடுவாகக் குறுக்கே கடந்து, ஆட்டு வயலோரமாக நிதானமாகப் போய் மறைந்தது. எம்ரிஸும் பார்த்தார். பார்த்துவிட்டு கிளெனிஸைப் பார்த்தார். மோஸ்டினைக் கத்திக் கூப்பிட்டு எச்சரிக்கலாமா என்று கிளெனிஸ் நினைத்தார். கத்தி நிறுத்தினால் நாய்களை நம்ப முடியாது என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். காலுறையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நாய்கள் படலுக்குள் வெள்ளமாக நுழைந்தன. ஜன்னலுக்கடியில் திகைத்தன, கண்டுபிடித்தன, குரலெடுத்தன. முற்றத்தின் நடுவே வந்ததும் குரல் ஒரேயடியாக அறுந்தது. பின்னால் வந்த மோஸ்டின் குதிரையை நிறுத்தினார். கொம்பை வாயருகே கொண்டு போனவர் ஊதாமல் இறக்கிக்கொண்டார். ஏவ்ரில் அம்மாள் கையை உயர்த்திப் பின்னால் வந்த குதிரைகளை நிறுத்தினார். அத்தனை பேரும் கார்னெட்டையே பார்த்தார்கள். அது மூக்கைத் தரையில் வைத்தது. வயல் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்தது. வால் ஆடியது. பாட்டன் முப்பாட்டன் எல்லாரும் அந்தப் பக்கம்தான் ஓடியிருக்கிறார்கள். மூன்றாவது அடிக்குக் காலைத் தூக்கியது, தூக்கியபடியே நின்றது.

பிறகு தும்மியது. திரும்பி வந்தது. சோம்புத் தடத்தில் மூக்கை வைத்து, வயசான தொண்டையால் ஒரு குரல் கொடுத்தது.

மற்றவை எல்லாம் நம்பின. பதினாறரை ஜோடியும் தபால் பெட்டியடியில் உட்கார்ந்திருந்த கிளெனிஸ் மேல் வந்து விழுந்தன. முகத்தை நக்கின, தொப்பியைப் பறித்தன, காலுறையைக் கிழித்துத் தின்றன. சிரித்தாரா அழுதாரா என்று அவருக்கே தெரியாது. "என் தங்கங்களா, என் தங்கங்களா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வயலில் ஆடுகள் ஒருமுறை தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாய் வைத்தன. மாடி ஜன்னலில் நெஸ்டா இரண்டு கைகளையும் கண்ணாடியில் பதித்திருந்தார்.

மணி ஒன்றுகூட ஆகவில்லை. வேட்டைக்காரர்கள் வீடு திரும்பும்போது, உச்சி வெயிலானாலும், நிலத்துக்காரருக்கு 'குட்நைட்' என்றுதான் சொல்லிவிட்டுப் போக வேண்டும். குதிரைகள் ஒவ்வொன்றாகப் படலைக் கடந்தன. "குட்நைட், எம்ரிஸ்." "குட்நைட்." ஏவ்ரில் அம்மாளும் சொன்னார். எம்ரிஸ் ஒவ்வொருவருக்கும் தலையை மட்டும் அசைத்தார்.

எல்லாரும் போன பிறகு கிளெனிஸ் வெறும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கடைசியாக வந்தார். படலைச் சாத்த எம்ரிஸ் தாழைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குட்நைட், கிளெனிஸ்" என்றார். "திங்கக்கிழமை உள்ள வந்து குடு. முட்டை இருக்கு."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். கிளெனிஸ் பழக்க தோஷத்தில் முழங்கையைத் தூக்கினார். எம்ரிஸின் கை நீட்டியபடியே நின்றது. கிளெனிஸ் முழங்கையை இறக்கி, வலது கையைக் கோட்டில் ஒரு முறை துடைத்தார். முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு முறை துடைத்தார். பிறகு கொடுத்தார்.